கள்ளக்குறிச்சிக்கு மேற்கே ஒரு தீவு!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில், வீடுகள் முடிந்து கரும்பு ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மேற்கே பாருங்கள். ஒரு தீவு தெரியும்.

சிரிக்காதீர்கள். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம்தான் தீவு என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. இங்கே தண்ணீருக்குப் பதில் நெல், கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம். இந்தப் பச்சைக் கடலுக்கு நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து நிற்கிறது கல்வராயன் மலை. பரப்பளவு 1,095 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியே 426 சதுர கிலோமீட்டர்தான். இரண்டு சென்னையைத் தூக்கி உள்ளே வைத்தாலும் மிச்ச இடத்தில் நாம் பைக்கை நிறுத்திக்கொள்ளலாம். (சென்னையில் பைக் நிறுத்த இடம் தேடியவர்களுக்கு இதன் அருமை புரியும்.)

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. அக்கம்பக்கத்துத் துண்டுகள் ஜவ்வாது, சித்தேரி, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை. இதற்குள்ளேயே வடக்குப் பக்கம் சின்னக் கல்வராயன், தெற்குப் பக்கம் பெரிய கல்வராயன் என்று அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வேறு. கரியாலூர், வெள்ளிமலை எல்லாம் கள்ளக்குறிச்சி மாவட்டம். கருமந்துறை சேலம் மாவட்டம். மலைக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது.

இதைத் தீவு என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது ஐஸ்லாந்து!

எங்கள் கோஷ்டியில் நாலு பேர். ஒருவன் கேஷியர். ஒருவன் 'சுகர்' (வியாதி இல்லை, சர்க்கரை ஆலையில் கிளார்க்). ஒருவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட், அதனால் 'பாலிசி'. நாலாவது நான். பி.காம். படித்துவிட்டு, பத்திரிகைக்கு எழுதினால் பிழைக்கலாம் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஜீவன். கேஷியர் ஒருநாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஐஸ்லாந்து தீவைச் சுற்றி ஒரே ரோடு. பேரு ரிங் ரோடு. நீளம் 1,322 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் ஒரு கார். காரில் ஒரு ஜோடி.

"மாப்ளே, வாழ்க்கையில ஒரு தடவையாவது ஒரு தீவை ரவுண்டு அடிச்சுப் பாத்துரணும்டா!"

உடனே நான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். படித்த படிப்பு சும்மா விடுமா? விமான டிக்கெட், விசா, வாடகைக் கார், ஓட்டல், குளிருக்குக் கோட்டு... கூட்டிக்கொண்டே வந்ததில், பாதி எஸ்டிமேட்டிலேயே கேஷியரின் பைக், அவன் அப்பாவின் பைக், எதிர்காலத்தில் வரப்போகும் மாமனாரின் பைக் எல்லாவற்றையும் விற்க வேண்டியிருந்தது. பேப்பரை மடித்து அவன் பாக்கெட்டிலேயே வைத்தேன்.

"அப்ப நமக்குத் தீவே இல்லையா?" என்றான் பரிதாபமாக. அப்போதுதான் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தேன்.

*

மேப்பை விரித்தோம். (போனில்தான். ஆனாலும் 'விரித்தோம்' என்று சொன்னால்தான் ஒரு கெத்து.) கல்வராயன் மலையைச் சுற்றி உண்மையாகவே ஒரு ரிங் ரோடு கிடைத்தது! யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியில் கிளம்பி வடக்கே சங்கராபுரம். அங்கிருந்து மூங்கில்துறைப்பட்டு. தென்பெண்ணையைத் தாண்டி சாத்தனூர் அணை, தண்டராம்பட்டு. மேற்கே திரும்பி தானிப்பாடி, தீர்த்தமலை, அரூர். தெற்கே இறங்கி மஞ்சவாடி கணவாய் வழியாக அயோத்தியாப்பட்டணம். பிறகு கிழக்கே வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம், மறுபடி கள்ளக்குறிச்சி. சித்தேரி மலையும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. இனாம்! சுமாராக 250லிருந்து 300 கிலோமீட்டருக்குள் வரும். ஒரு பைக்குக்கு ஏழு லிட்டர் பெட்ரோல். ஐஸ்லாந்தில் கோட்டு வாங்குகிற காசுக்கு இங்கே இருபது ரவுண்டு அடிக்கலாம்.

அங்கேதான் முதல் தகராறு. எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

நான் சொன்ன வழியில் போனால் மலை எப்போதும் இடது கைப் பக்கம். நாமும் இடது ஓரத்தில்தான் ஓட்டுகிறோம். நல்ல காட்சி வந்தால் ரோட்டைக் குறுக்கே கடக்காமல் அப்படியே ஒதுங்கி நிறுத்தலாம். சௌகரியம், பாதுகாப்பு. பாலிசிகூட ஒப்புக்கொண்டான். (அவன் பாதுகாப்பு என்ற வார்த்தைக்கு ஒப்புக்கொள்ளாமல் இருந்ததே கிடையாது.)

சுகர் மட்டும் தலையை ஆட்டவில்லை. "எங்க அம்மாகிட்ட சொன்னேன்டா. மலையை இடது பக்கம் வச்சுச் சுத்தறது அப்பிரதட்சணமாம். திருவண்ணாமலையில 14 கிலோமீட்டர் கிரிவலத்தை யாராச்சும் உல்ட்டாவா சுத்துவாங்களாடான்னு கேக்கறாங்க. பைக் சாவியைத் தர மாட்டாங்களாம்."

நாலு பைக் இருந்தால் விவாதிக்கலாம். எங்களிடம் இருந்தது இரண்டு. அதில் ஒன்று சுகரின் அம்மா பெயரில் ஆர்.சி. உள்ளது. விஷயம் கிடப்பில் போடப்பட்டது.

*

பாதையில் என்னென்ன வருகிறது என்று ஒரு பட்டியல் தயாரித்தேன். பாதியில் பேனா நின்றது. ஏன் என்று சொல்கிறேன்.

மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் அந்தப் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், சினிமா இன்டர்வெல் மாதிரி நினைத்துக்கொண்டு ஒரு டீ குடித்துவிட வேண்டும். முந்தப் பார்க்காதீர்கள். டிரெய்லரின் பின்பக்கம் விளக்கு எரியும் என்று நம்பி இரவில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

சாத்தனூர் அணை 1958-ல் கட்டி முடித்தது. 119 அடி. சின்ன வயதில் எல்லோரும் ஸ்கூல் டூர் போய், முதலைப் பண்ணையைப் பார்த்து, தயிர்சாதம் சாப்பிட்ட இடம். அதே அணையிலிருந்து 2024 டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை, பெஞ்சல் புயல் மழையில், விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வெளியே போனது. தண்டராம்பட்டு பக்கம் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்து அந்த வருஷம்தான் திறந்திருந்த புதுப் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே மழைக் காலத்தில் போகிறவர்கள் மேப்பில் கோடு இருக்கிறது என்று நம்பாமல், முந்தின ஊர் டீக்கடையில் 'பாலம் இருக்கா அண்ணே?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது.

தீர்த்தமலையில் மலைமேல் சிவன் கோயில். பாறையிலிருந்து விழும் தீர்த்தம். படி ஏறினால் மூச்சு வாங்கும். வாங்கட்டும், ஆபீசில் ஏ.சி.யில் உட்கார்ந்து சும்மா இருக்கிற மூச்சுதானே?

அரூர் பக்கம் வந்தபோதுதான் பேனா நின்றது. வாச்சாத்தி என்ற பெயரை மேப் காட்டியது.

நம்மில் பலருக்குப் பேர் தெரியும். எங்கே இருக்கிறது என்று தெரியாது. சித்தேரி மலையின் அடிவாரத்தில் ஒரு மலைவாழ் மக்கள் கிராமம். 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தன மரம் பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் படையாகப் போனார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். ஜனங்களை அடித்துச் சிறையில் தள்ளினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்றது. அதற்குள் அவர்களில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 2023-ல், அதே செப்டம்பர் 29-ல், உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. ஆக, 31 வருஷம்.

'இடது பக்கம் அழகான மலை, அதன் அடிவாரத்தில் வாச்சாத்தி' என்று பட்டியலில் எப்படி எழுதுவது? மலையடிவாரத்தில் என்ன நடந்தாலும், ரிங் ரோட்டில் போகிறவனுக்கு அது ஒரு கைகாட்டி மரம்தான். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அதைப் படிக்கக்கூட முடியாது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மஞ்சவாடி கணவாய் அருமையான ரோடு. பெத்தநாயக்கன்பாளையம் அருகே புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி உயர முருகன், 2022-ல் திறந்தது. மலேசியா பத்துமலை முருகனைவிட ஆறு அடி உயரம். (சேலத்துக்காரர்கள் இந்த ஆறு அடியை ஆறு தடவை சொல்வார்கள்.) ஆத்தூரில் வசிஷ்ட நதிக்கரையில் பழைய கோட்டை, வழியெல்லாம் சேகோ பேக்டரிகளில் வெயிலில் காயும் ஜவ்வரிசி, தலைவாசலில் காய்கறி மார்க்கெட். அங்கே தக்காளி வாங்கி பைக்கில் வைத்துக்கொண்டு வந்தால், வீட்டுக்கு வரும்போது ரசம்.

*

இத்தனை திட்டம் போட்டும் எங்களில் ஒருவனுக்கும் மலைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை. கேஷியர் மட்டும் ஒரு தடவை கோடை விழாவுக்குப் போயிருக்கிறான். அங்கே என்ன பார்த்தாய் என்றால் 'கும்பல்' என்கிறான். எனவே, வேலைவெட்டி இல்லாதவன் என்ற தகுதியின் அடிப்படையில், ஒரு செவ்வாய்க்கிழமை என்னை முன்னோட்டம் பார்க்க அனுப்பி வைத்தார்கள். செலவுக்கு ஐந்நூறு ரூபாய். பில் கொண்டுவர வேண்டும்.

பஸ்ஸில் போனேன். கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை. 46 அடி. மேலே பொட்டியம், கல்படை பக்கமெல்லாம் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கி இங்கே வந்து சேர்கிறது. கீழே நம் கரும்புக்கும் நெல்லுக்கும் போகிற தண்ணீர் இந்த மலையின் வியர்வை என்று சொன்னால் மிகையில்லை. அணையைத் தாண்டியதும் ரோடு மேலே ஏறத் தொடங்குகிறது. டிரைவர் கியரை மாற்றுகிற சத்தத்திலேயே தெரியும். காது அடைக்கிறது. ஜன்னல் வழியாக வருகிற காற்றின் ருசி மாறுகிறது. பெரியார் அருவி ரோட்டோரமே வருகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். குரங்குகளும் நம்மை உட்கார்ந்தபடியே பார்க்கின்றன.

கரியாலூரில் இறங்கினேன். படகு குழாம் இருக்கிறது, குழந்தைகள் பூங்கா இருக்கிறது. ஊட்டியை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். குளிர் அளவோடுதான். மால் ரோடு கிடையாது, சாக்லேட் கடை கிடையாது. ஏற்காட்டை ஏழைகளின் ஊட்டி என்பார்கள். அப்படிப் பார்த்தால் இது ஏழைகளின் ஏற்காடு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் படகுக் குளத்தில் ஒரு மீன்கொத்தியும் நானும்தான் இருந்தோம். இரண்டு பேருமே படகுக்கு டிக்கெட் எடுக்கவில்லை.

டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் ஒரு பெரியவர். எழுபதுக்கு மேல் இருக்கும். தோளில் துண்டு, கையில் கம்பு.

"எந்த ஊரு தம்பி? சர்வே டிபார்ட்மென்டா?"

கையில் நோட்டுப் புத்தகம் இருந்ததால் வந்த வினை. "இல்லைங்க ஐயா. நண்பர்கள் நாலு பேர் பைக்குல மலையைச் சுத்தி வரலாம்னு இருக்கோம். ரோடு எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்."

"மேல வரலியா?"

"சுத்திதாங்க. சங்கராபுரம், அரூர், வாழப்பாடி, ஆத்தூருன்னு அப்படியே ஒரு ரவுண்டு..."

பெரியவர் சிரித்தார். கோபம் இல்லை; நிஜமாகவே வேடிக்கையாகத்தான் இருந்தது அவருக்கு.

"மலையச் சுத்திப் போறதுக்கு எங்க காலத்துலயே ரோடு இருந்துச்சே தம்பி! எல்லாரும் சுத்தித்தானே போனாங்க? உள்ள வர்றதுக்குத்தான் இல்ல."

டீக்கடைக்காரர் எனக்கு டீயை நீட்டினார். குடித்தேன். சூடு தெரியவில்லை.

அவர் சொன்னதில் நான் ஏற்கெனவே படித்திருந்ததும் இருந்தது, படிக்காததும் இருந்தது. இந்த மலையில் இருப்பவர்கள் மலையாளிகள். கேரளாவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்பதால் மலையாளி. பேசுவது நம்மைப்போல் தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் வந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது: சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர். கிருஷ்ணதேவராயர் காலத்தில் கொடுத்தது என்பார்கள். வரி வாங்குவது, வழக்குத் தீர்ப்பது எல்லாம் அவர்கள்தான். 1947-ல் கீழே கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தபோதும் மேலே ஜாகீர் ஆட்சிதான். அதற்கப்புறமும் 29 வருஷம் அதேதான்! 1976 ஜூன் 25-ல்தான் தமிழக அரசு மலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பெரியவருக்கு அப்போது மீசை நன்றாகவே முளைத்துவிட்டது.

"உப்புக்கு இறங்குவோம் தம்பி. சாமை, தெனை, கடுக்காய் தலையில தூக்கிட்டு, இருட்டோட இறங்கினா, திரும்ப ஏறி வர்றதுக்குள்ள இருட்டிரும். அது பரவால்ல. புள்ளத்தாச்சிப் பொம்பளைக்கு வலி எடுத்தாத்தான் கஷ்டம். டோலி கட்டி நாலு பேரு தூக்கிட்டு இறங்குவோம். பாதி வழியிலயே பொறந்த புள்ளைங்க உண்டு. பாதி வழியிலயே..." என்று நிறுத்திக்கொண்டு, டீயை ஊதினார்.

பிறகு அவரே சொன்னார்: "இப்ப பஸ்ஸு வருது. பேத்தி கள்ளக்குறிச்சியில நர்சிங் படிக்கிது. காலையில மொத வண்டிக்குப் போவும். அதை விட்டுட்டா அன்னிக்கு கிளாஸு போச்சு. சனிக்கிழமையும் உண்டு அதுக்கு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஐஸ்லாந்து ஞாபகம் வந்தது. அந்த ரிங் ரோடு முழு வட்டமானது 1974-ல். தெற்கே ஒரு பெரிய பனியாற்று மணல்வெளியில் பாலம் கட்டிக் கடைசித் துண்டை இணைத்தார்கள். அந்த நாட்டில் ஜனங்கள் கரையோரம்தான் இருக்கிறார்கள். நடுவில் பனிப்பாறை, எரிமலை, பாலைவனம், ஆள் கிடையாது. ஆகவே தீவைச் சுற்றி ரோடு போட்டால் கிட்டத்தட்ட எல்லா ஊரையும் தொட்டுவிடும். நம் தீவு நேர் தலைகீழ். ரோடெல்லாம் கரையோரம், ஊரெல்லாம் நடுவில். இன்னாடு, சேராப்பட்டு, கிளாக்காடு, தொரடிப்பட்டு, மாவடிப்பட்டு, வெள்ளிமலை என்று உள்ளேதான் வாழ்க்கை. சுற்றுகிற ரோட்டில் எத்தனை ரவுண்டு அடித்தாலும் இதில் ஒரு ஊர்கூட வராது.

*

முன்னோட்ட அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது. (பில்லோடு. டீ, பஸ், ஒரு சீப்பு வாழைப்பழம். மிச்சம் முந்நூற்று முப்பது கேஷியரிடம் ஒப்படைக்கப்பட்டு, உடனே பிரியாணியாக மாற்றப்பட்டது.) திட்டம் மாறியது.

சனிக்கிழமை காலை, தீவுக்குள்ளே. கச்சிராயபாளையம், கோமுகி அணை, கரியாலூர், வெள்ளிமலை. வெள்ளிமலைதான் தலைநகரம், யூனியன் ஆபீஸ் அங்கே. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு கல்வராயன் மலைக்கென்று தாலுகாவும் வந்தது. அதற்கு முன் இவர்கள் ஒரு கையெழுத்துக்கு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் போக வேண்டும், நினைத்துப் பாருங்கள். அருவிகளுக்குப் பஞ்சமில்லை: மேகம், கவ்வியம், சிறுகலூர், எட்டியார், பண்ணியப்பாடி. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்ப்பேன் என்பவர் ஒன்றையும் பார்க்க மாட்டார். இரண்டு போதும். வெள்ளிமலையிலிருந்து மலைமேலேயே கருமந்துறை. அங்கே அரசாங்கத்தின் பெரிய பழப்பண்ணை. பிறகு தும்பல் பக்கம் இறங்கி வாழப்பாடி. இரவு அங்கேயோ சேலத்திலோ லாட்ஜ்.

ஞாயிற்றுக்கிழமை, கரையோரம். மஞ்சவாடி, அரூர், தீர்த்தமலை, சாத்தனூர், மூங்கில்துறைப்பட்டு, சங்கராபுரம், கள்ளக்குறிச்சி. அரூரில் ஒரு மணி நேரம் நிறுத்துவது என்றும் எழுதி வைத்தோம். வாச்சாத்திக்குக் கேமராவோடு போய் நின்று யாரையும் தொந்தரவு பண்ணுவதற்கு இல்லை. பாலிசிக்கும் சுகருக்கும் அங்கே நடந்தது முழுசாகத் தெரியாது; டிபன் சாப்பிட்டுக்கொண்டே சொல்ல வேண்டும்.

ஆத்தூர், தலைவாசல், 146 அடி முருகன் எல்லாம் இந்தத் தடவை விட்டுப்போகிறது. அது மெயின் ரோடுதானே, கல்யாணத்துக்கு வாடகை வேனில் போகும்போதுகூடப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு அதிசயம். தெற்கில் இறங்கி மேற்கு, வடக்கு என்று சுற்றினால் மலை வலது கைப் பக்கம் வந்துவிடுகிறது! பிரதட்சணம்! சுகரின் அம்மா சாவியைக் கொடுத்துவிட்டார். கூடவே திருநீறும்.

எப்போது போவது? மே மாதம் கோடை விழா நடத்துவார்கள். ஆனால் மே மாதத்தில் அருவி, அருவியாக இருக்கும் என்பதற்கு நான் உத்தரவாதமில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து, டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். மழை கொட்டும்போது போகாதீர்கள். மண் சரியும், அருவிகளில் குளிக்க வனத்துறை தடை போடும். தடை என்றால் தடைதான். 'நாங்க எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கோம் சார்' என்று வெள்ளத்திடம் சொல்ல முடியாது. பெட்ரோலைக் கச்சிராயபாளையத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். போன் சிக்னல் வரும், போகும். மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வழி கேட்டால் மலை ஜனங்கள் சொல்வதைவிடக் கூடவே வந்து காட்டுவார்கள்.

கடைசியாக ஒன்று. இது நம்ம வயசுப் பசங்களுக்கு மட்டும். பையில் பாட்டில் வேண்டாம்.

சாமியார் மாதிரி பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த வாரம் எங்கள் ஊரில் சாவு மேளம் நிற்கவே இல்லை. உயிரை எடுத்தது மெத்தனால், தொழிற்சாலை ரசாயனம். மலையில் மரத்திலும் காய்க்காது, ஓடையிலும் ஓடாது. ஆனாலும் டி.வி.யில் முதலில் காட்டியது எதை? கல்வராயன் மலையை. மேலே சாராய ஊறலை அழிக்கிறோம் என்று படை படையாகப் போனார்கள். ஊறல் அங்கே இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை, இருந்தது. ஆனால் ஏன் இருந்தது என்று கேட்டது உயர் நீதிமன்றம்தான். மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, ரோடு எங்கே, பஸ் எங்கே என்று அரசாங்கத்தை உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. ஜாகீர் ஒழிந்து 48 வருஷம் கழித்து! 'மலைக்காரன்னா சாராயம்' என்ற பேச்சைச் சுமந்துகொண்டு கீழே வேலைக்கும் படிப்பிற்கும் வந்து போகிறவர்களுடைய ஊரில் போய் நாம் பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டு வந்தால், அடுத்த நாள் அந்தக் கண்ணாடித் துண்டு குத்துவது அவர்கள் காலில். பழியும் அவர்கள் தலையில்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டிசம்பர் மூன்றாவது சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி, கச்சிராயபாளையம். இரண்டு பைக், நாலு பேர், ஆளுக்கு ஒரு பை. எங்களோடு வர விரும்பும் வாசகர்கள் தங்கள் பைக்கில், தங்கள் பெட்ரோலில் வரலாம்.

நாம் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது எதிரே முதல் பஸ் இறங்கி வரும். ரோடு குறுகல். வளைவில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தால் டிரைவர் ஹாரன் அடிப்பார், நீங்கள் 'ஒரு நிமிஷம் அண்ணே' என்பீர்கள். வேண்டாம். வண்டியை மலைப் பக்கமாக நன்றாக ஒதுக்கிவிட்டு, பஸ்ஸுக்கு வழி விடுங்கள். அதில் கள்ளக்குறிச்சிக்கு கிளாஸுக்குப் போகிற ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். ஒன்பதரைக்கு அட்டென்டன்ஸ்.